பனித்தளத்திலிருந்து வீட்டு அலமாரிக்கு: ஆட்டத்தில் பயன்பட்ட ஐஸ் ஹாக்கிப் பொருட்களைச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

1972 செப்டம்பர் 28. மாஸ்கோவில் கனடாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் எட்டாவது, கடைசி ஆட்டம். முடிய 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் ஒரு கோல் போட்டார். ஆட்டம் 6-5 என்று கனடாவுக்கு, தொடரும் கனடாவுக்கு. அன்று அவர் போட்டிருந்த 19-ஆம் எண் ஜெர்சியை அணியின் டிரெய்னர் ஜோ ஸ்க்ரோவிடம் கொடுத்துவிட்டார். பல கை மாறிய அந்த ஜெர்சி 2010-இல் ஏலத்துக்கு வந்து 12 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. எடுத்தவர் மிட்செல் கோல்ட்ஹார் என்ற கனடியத் தொழிலதிபர். எடுத்ததோடு நிற்காமல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் மக்களுக்குக் காட்டவும் செய்தார்.

அதே கோலைப் போட்ட பக், அதாவது ஹாக்கி ஆடும் கறுப்பு ரப்பர் வட்டு, யாரிடம் போனது என்பது மட்டும் பல ஆண்டுகள் வெறும் பேச்சாகவே இருந்தது. தடுப்பாட்டக்காரர் பாட் ஸ்டேபிள்டன் எடுத்துவைத்திருக்கிறார் என்பார்கள். அவரும் நெடுங்காலம் பிடிகொடுக்காமலே பதில் சொல்லி வந்தார்.

ஒரே இரவு, ஒரே கோல், இரண்டு பொருட்கள். ஒன்றுக்கு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வழி தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது. ஆட்டத்தில் பயன்பட்ட பொருட்களைச் சேகரிப்பதில் எல்லாமே இந்த வழியைச் சுற்றித்தான் நடக்கிறது. நான் இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த வழியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சோதிப்பது, எப்படிக் காப்பது என்பதைப் பற்றியதுதான்.

தமிழ்நாட்டில் ஹாக்கி என்றால் தரையில் பந்தை வைத்து ஆடுவது. இங்கே பேசுவது பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கி. டொரன்டோவிலும் மாண்ட்ரியலிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் ஊர் ஆட்டம். அந்தப் பிள்ளைகளையும், அவர்களோடு அரங்குக்குப் போகும் பெற்றோரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: வட்டத்தைச் சுருக்குங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் தொடங்கினால் ஒரே ஆண்டில் பணமும் இடமும் தீரும், சேகரிப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு வீரர், ஒரு அணி, ஒரு பருவம், அல்லது ஒரு வகைப் பொருள் என்று முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோல்கீப்பர் பொருட்களை மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரே ஆண்டு அணியின் எல்லா வீரர்களின் ஜெர்சியையும் சேர்க்கப் பாடுபடுகிறவர்களும் உண்டு.

எல்லோரும் வரிசையில் நிற்கும் வீரரை முதலில் விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர் என்றால் ஆஸ்டன் மாத்யூஸின் 34-ஆம் எண்ணைத்தான் மனம் கேட்கும். அந்த விலையில் நான்காம் வரிசை வீரர்கள் பலருடைய ஜெர்சிகளை முழு ஆதாரத்தோடு வாங்கலாம். தளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் மோதி, விழுந்து, எதிராளியை இடித்து ஆடுவது அவர்கள் வேலை. ஆகவே அவர்கள் ஜெர்சியில் ஆட்டத்தின் அடையாளமும் கூடுதலாகவே இருக்கும்.

இன்னொரு வாசல் இப்போதுதான் திறந்திருக்கிறது. பெண்களுக்கான தொழில்முறை லீக்கான பி.டபிள்யூ.எச்.எல்.லின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 அன்று டொரன்டோவில், பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில் உள்ள மாட்டமி அரங்கில் நடந்தது. அந்த முதல் பருவத்தில் அணிகளுக்குப் பெயரே கிடையாது. ஜெர்சியில் ஊர்ப் பெயர் மட்டும் சாய்வாக எழுதியிருக்கும். இரண்டாம் பருவத்திலிருந்து டொரன்டோ 'செப்டர்ஸ்' ஆனது, மற்ற அணிகளுக்கும் பெயர்கள் வந்தன. அந்த முதல் பருவத்து ஆட்ட ஜெர்சிகள் இனி கூடப்போவதில்லை. ஒரு லீக்கின் முதல் நாளிலிருந்தே சேகரிக்கும் வாய்ப்பு பழைய தலைமுறைச் சேகரிப்பாளர் யாருக்கும் எளிதில் வாய்க்கவில்லை. மகள் ஹாக்கி ஆடுகிறாள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இங்கே தொடங்குங்கள்.

இரண்டாம் படி: விற்பவரின் சொற்களைப் பிரித்தறியுங்கள்

விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு வேறு விலை.

'கேம் வோர்ன்' என்றால் ஆட்டத்தில் அணிந்தது. ஸ்டிக், கையுறை போன்றவற்றுக்கு 'கேம் யூஸ்டு' என்பார்கள். 'கேம் இஷ்யூடு', 'டீம் இஷ்யூடு' என்றால் அந்த வீரருக்காகத் தைத்து ஓய்வறையில் தொங்கவிட்டார்கள், ஆனால் அதைப் போட்டு ஆடியதற்குச் சான்று இல்லை. 'ப்ரோ ஸ்டாக்' என்பது தொழில்முறை வீரர்களுக்காகச் செய்யப்பட்டு, பயன்படாமலோ மிச்சமாகவோ வெளியே வந்த சரக்கு. ஆடுவதற்கு அருமையானது, நினைவுப் பொருளாக அதற்கு மதிப்புக் குறைவு. 'ஆதெண்டிக்' என்றால் கடையில் விற்கும் உயர்தர ஜெர்சி என்பதற்கு மேல் பொருள் இல்லை. 'ரெப்ளிகா' அதற்கும் கீழே.

இவற்றுக்கு நடுவே 'வார்ம்-அப் வோர்ன்' என்று ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் மட்டும் போட்டது. வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் வீரர்கள் புற்றுநோய் விழிப்புணர்வு இரவுகளில் போட்ட ஊதா ஜெர்சிகள் இந்த வகை. 2023-24 பருவத்திலிருந்து வார்ம்-அப்பில் சிறப்பு ஜெர்சி போடுவதை லீக் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தையவை இனி கூடப்போவதில்லை என்பதால் சிலர் தேடித் தேடி வாங்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஆட்டத்தில் போட்டது என்று நினைத்து அதற்குரிய விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பக்கிலிருந்து தொடங்குங்கள்

சிறியது, மலிவானது, கெட்டுப்போகாதது. தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம், 156 முதல் 170 கிராம் எடை. வல்கனைஸ் செய்த ரப்பர். துள்ளல் குறைய வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். ஆட்டம் நடக்க நடக்கச் சூடாகும் பக்கை எடுத்துவிட்டு உறைந்த பக்கை இறக்குவார்கள். ஆகவே ஓர் ஆட்டத்தில் பல பக்குகள் பயன்படும். அணிகள் அவற்றை எடுத்து, எந்த ஆட்டம், எந்தக் கட்டம், கோல் என்றால் யார் போட்டது என்று குறித்து, ஒளிரும் முத்திரை ஒட்டி விற்கின்றன.

ஒரு பக்கைக் கையில் வாங்கியதும் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் சிறு சிறு வைர வடிவக் கோடுகள் ஓடும். ஸ்டிக்கில் சுற்றிய டேப் பக்கைப் பிடிப்பதற்காக அமைத்த சொரசொரப்பு அது. ஆடிய பக்கில் அந்தக் கோடுகள் ஆங்காங்கே மழுங்கியிருக்கும். முகத்தில் அச்சிட்ட சின்னம் உரசி வெளிறியிருக்கும். கோல் கம்பத்தில் பட்டிருந்தால் சிவப்பு வண்ணத்தின் ஒரு கீற்றுகூட ஒட்டியிருக்கலாம். கடையில் விற்கும் நினைவுப் பரிசு பக்கில் சின்னம் பளிச்சென்று இருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும்.

பக்குகளுக்குள்ளேயே வரலாறு இருக்கிறது. 1996-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று திரையில் பக் ஒளிர்வதற்காக அதனுள் மின்னணுக் கருவி வைத்தது. 1998-இல் அந்த முயற்சி நின்றது. அந்த 'ஃபாக்ஸ்ட்ராக்ஸ்' பக்குகளுக்கு இன்றும் தனி மவுசு. அசைவைக் கண்காணிக்கும் கருவி கொண்ட பக்குகளை என்.எச்.எல். 2021-இல் கொண்டுவந்தது.

அரங்கில் பறந்துவரும் பக்கைப் பிடித்தால் அது உங்களுடையது. ஆனால் இப்போது கோலுக்குப் பின்னால் வலை கட்டியிருக்கிறார்கள். 2002-இல் கொலம்பஸ் அரங்கில் பக் தாக்கி 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அடுத்த பருவத்திலிருந்து எல்லா என்.எச்.எல். அரங்கிலும் வலை கட்டாயமானது. வார்ம்-அப் நேரத்தில் கண்ணாடியோரம் பிள்ளைகளோடு நிற்பதுதான் இன்று பக் கிடைக்கும் பாதுகாப்பான வழி. வீரர்கள் கண்ணாடிக்கு மேல் தூக்கிப் போடுவார்கள்.

நான்காம் படி: ஜெர்சியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கலையின் நடுநாயகம் இதுதான். நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் உற்பத்தி. 2017 வரை ரீபாக், 2017 முதல் அடிடாஸ், 2024 முதல் ஃபனாடிக்ஸ் என்று என்.எச்.எல். ஜெர்சியின் சின்னம் மாறி வந்திருக்கிறது. '2019-இல் போட்டது' என்று சொல்லும் ஜெர்சியில் ரீபாக் சின்னம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அடிடாஸ் காலத்தில் வீரர்கள் போட்டவை கியூபெக்கின் செயின்ட் ஹயசிந்த் ஊரில் தைக்கப்பட்டவை, உள்ளே 'மேட் இன் கனடா' என்று இருக்கும். கடைக்கு வந்தவை இந்தோனேசியாவில் செய்தவை. இந்த ஒரு சிறு துணித்துண்டைப் பார்க்காமலே பணத்தைக் கொடுப்பவர்கள் ஏராளம்.

அடுத்து ஒட்டுச் சின்னங்கள். 1991-92 பருவத்தில் என்.எச்.எல்.லின் 75-ஆம் ஆண்டுச் சின்னம், 1992-93-இல் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையின் நூற்றாண்டுச் சின்னம், 2017 ஜனவரியிலிருந்து அந்த ஆண்டு முழுவதும் லீக்கின் நூற்றாண்டுச் சின்னம். மார்பில் விளம்பர ஒட்டு வந்தது 2022-23-இலிருந்துதான். மேப்பிள் லீஃப்ஸ் ஜெர்சியில் 'மில்க்' என்று பால் உற்பத்தியாளர்களின் விளம்பரம் ஏறியது அப்போதுதான். நிறமும் சாட்சி சொல்லும். 1970-71 முதல் 2002-03 வரை சொந்த அரங்கில் வெள்ளை. 2003-04 முதல் சொந்த அரங்கில் அடர்நிறம். ஆகவே 1995-ஆம் ஆண்டு வெள்ளை ஜெர்சிக்கு ஆதாரமாக எதிரணி அரங்கில் எடுத்த படத்தைக் காட்டினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உள்ளே, பின்பக்க அடியில் ஒரு பட்டை தொங்கும். சண்டையில் எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துவிடாதபடி கால்சட்டையோடு கட்டிக்கொள்ளும் பட்டை. பஃபலோ வீரர் ராப் ரே சண்டைக்கு முன் ஜெர்சியைக் கழற்றி எறிந்தே பேர் வாங்கியவர். கட்டாமல் விட்டு ஜெர்சி கழன்றால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதியை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பட்டை இருப்பது மட்டும் சான்று ஆகாது. இன்று கடை ஜெர்சியிலும் வைக்கிறார்கள். அதன் வெல்க்ரோ எவ்வளவு பஞ்சடைந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

என்னிடம் சிறிய லீக் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் வெள்ளை ஜெர்சி இருக்கிறது. மேசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தால்தான் அது பேசும். வலது முழங்கையில் விரல் நீளத்துக்கு இரண்டு கருங்கோடுகள். பலகையில் உரசி, துணியின் இழை லேசாக உருகி, பளபளப்பாகத் தடித்துப்போன இடம். சேகரிப்பாளர்கள் இதை 'போர்டு பர்ன்' என்பார்கள். அதற்குக் கீழே ஒரு கிழிசலை அணியின் தையல்காரர் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி அடைத்திருக்கிறார். நூல் வெள்ளைதான், ஆனால் துணியின் வெள்ளையைவிட ஒரு சாயல் மஞ்சள். முதுகில் பெயர்ப்பட்டையின் ஓரத்தில் வேறொரு பட்டையை முன்பு தைத்துப் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அவருக்கு முன் இதே ஜெர்சியை இன்னொருவர் போட்டிருக்கிறார். சிறிய லீக்குகளில் ஒரே ஜெர்சி இப்படிப் பலர் முதுகுக்கு மாறுவது சாதாரணம். இதை மறைக்கிற விற்பனையாளரும் உண்டு, தானே எடுத்துச் சொல்கிற விற்பனையாளரும் உண்டு. இரண்டாமவரை விட்டுவிடாதீர்கள்.

கோல்கீப்பர் ஜெர்சி அகலமாக வெட்டியிருக்கும், அளவு எண்ணோடு 'ஜி' என்ற எழுத்தும் வரும். கம்பத்தில் உரசிய சிவப்பு, மார்புக் கவசத்தின் மேல் இழுபட்ட தையல் ஆகியவற்றைத் தேடுங்கள். வேய்ன் கிரெட்ஸ்கி ஜெர்சியின் ஒரு பக்கத்தைக் கால்சட்டைக்குள் செருகியே ஆடினார் என்பது உலகத்துக்கே தெரியும். அப்படி ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பழக்கம் இருக்கும், அது துணியில் ஒரு சுவடு வைக்கும். நீங்கள் சேகரிக்கும் வீரரின் பழக்கங்களைப் பழைய ஆட்டப் பதிவுகளில் பார்த்துக் குறித்துவையுங்கள்.

ஐந்தாம் படி: தாளை நம்பும் முன் படத்தைப் பாருங்கள்

பல அணிகள் ஒரு பருவத்தை இரண்டு மூன்று ஜெர்சித் தொகுப்புகளாகப் பிரிக்கின்றன. முதல் தொகுப்பு அக்டோபரிலிருந்து பருவத்தின் ஒரு பகுதிவரை, பிறகு இரண்டாவது, பிளேஆஃபுக்கு இன்னொன்று என்று போகும். நல்ல சான்றிதழ் 'இந்தப் பருவம், இந்தத் தொகுப்பு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை' என்று சொல்லும். 'உண்மையானது என உறுதியளிக்கிறோம்' என்று மட்டும் அச்சடித்த தாளுக்கு அந்தத் தாளின் விலைதான்.

நியூ ஜெர்சியில் உள்ள மெய்கிரே நிறுவனம் அணிகளிடமிருந்தே ஜெர்சிகளை வாங்கி, உள்ளே வரிசை எண் பொறித்த பட்டை வைத்து, பதிவு செய்து விற்கும் முறையை ஹாக்கியில் பரவலாக்கியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான பாரி மைசல் முன்பு நியூயார்க்கில் ஹாக்கிச் செய்தியாளர். அணியிடமிருந்து நேராக வரும் பொருளுக்கு இணையான நம்பிக்கை வேறு எதற்கும் இல்லை.

அது கிடைக்காதபோது 'போட்டோ மேட்ச்' கைகொடுக்கும். தேதி தெரிந்த ஆட்டப் படம் ஒன்றை எடுத்து, ஜெர்சியின் தனி அடையாளங்களோடு பொருத்துவது. கிழிசல் தைத்த இடம், பலகைத் தழும்பு, எண்ணின் ஓரம் வலைத்துணியின் எந்தத் துளையில் விழுகிறது என்பது வரை பார்ப்பார்கள். வலைத்துணியில் எண்ணை ஒட்டித் தைக்கும்போது இரண்டு ஜெர்சிகளில் அது அச்சாக ஒரே துளையில் விழுவது மிக அரிது. இதை நீங்களே செய்யலாம். செய்தி நிறுவனங்களின் தெளிவான படங்கள், பெரிதாக்கிப் பார்க்க ஒரு கணினி, பொறுமை, இவை போதும். கிழிசல் ஒன்று படத்தில் இருந்து ஜெர்சியில் இல்லையென்றால் அது வேறு ஜெர்சி. ஜெர்சியில் இருந்து படத்தில் இல்லையென்றால் பின்னால் ஏற்பட்டிருக்கலாம், தேடலைத் தொடருங்கள்.

வழி என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்று பார்க்க 2010-ஆம் ஆண்டு ஒன்றே போதும். பிப்ரவரி 28 அன்று வான்கூவர் ஒலிம்பிக்கில் சிட்னி கிராஸ்பி தங்கக் கோல் போட்டார். பின்லாந்து லைன்ஸ்மேன் ஸ்டெஃபான் ஃபொன்செலியஸ் அந்தப் பக்கை எடுத்து வைத்துக் கொடுத்ததால் அது டொரன்டோ ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்கு வந்து சேர்ந்தது. கிராஸ்பியின் ஸ்டிக்கும் கையுறையும் சில நாட்கள் காணாமல் போயின. ஸ்டிக் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்த சரக்கில் கிடைத்தது, கையுறை சக வீரர் பாட்ரிஸ் பெர்ஜெரானின் பையில். அதே ஆண்டு ஜூன் 9 அன்று பிலடெல்ஃபியாவில் பேட்ரிக் கேன் கூடுதல் நேரத்தில் கோல் போட்டு சிகாகோவுக்கு ஸ்டான்லி கோப்பையை வென்று தந்தார். அந்தப் பக் காணாமல் போனது. சிகாகோ உணவகம் ஒன்று 50,000 டாலர் பரிசு அறிவித்தும் அதன் தடம் துலங்கவில்லை. நாளை யாராவது ஒரு பக்கைக் கொண்டுவந்து 'இதுதான் அது' என்றால் எதை வைத்து நம்புவது? சந்தையில் உங்கள் முன் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஆறாம் படி: ஸ்டிக், கையுறை, ஹெல்மெட்

ஸ்டிக்குகள் நெடுங்காலம் மரத்தில் இருந்தன. 1980-களில் அலுமினியம் வந்தது. 2000-ஐ ஒட்டிக் கலவை இழையில் ஒரே துண்டாகச் செய்த ஸ்டிக்குகள் வந்து மரத்தை ஓரங்கட்டின. இன்றைய ஸ்டிக்கின் தண்டில் வீரர் பெயர் அச்சாகியிருக்கும். அது மட்டும் போதாது, அச்சிட்டுப் பயன்படுத்தாதவையும் வெளியே வரும். டேப் சுற்றியிருக்கும் முறையைப் பாருங்கள். குதிகாலிலிருந்து நுனிக்கா, நுனியிலிருந்து குதிகாலுக்கா, கறுப்பா வெள்ளையா, கைப்பிடியில் எத்தனை வளையம் என்பதெல்லாம் வீரருக்கு வீரர் மாறும், ஒரே வீரரிடம் பெரும்பாலும் மாறாது. தண்டின் மேல்முனையில் மார்க்கரால் எழுதிய எண்ணும் ஒரு துப்பு. டேப்பை ஒருபோதும் பிரிக்காதீர்கள். பக் பட்ட கறுப்புத் தடங்கள் அந்த டேப்பில்தான் இருக்கின்றன. பிரித்தால் கடையில் கிடைக்கும் ஸ்டிக் ஒன்றுதான் மிஞ்சும். உடைந்த ஸ்டிக்கையும் ஒதுக்க வேண்டாம். கோல் அடிக்கும்போது உடைந்தது என்று பதிவில் காட்ட முடிந்தால் முழு ஸ்டிக்கைவிட நான் அதையே எடுப்பேன்.

கையுறையில் உள்ளங்கைத் தோல்தான் முதலில் தேயும், அணியே அதை மாற்றித் தைக்கும். ஆகவே புதுத் தோலைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். வியர்வை நாற்றத்துக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள், வீட்டாரையும்.

ஹெல்மெட்டைக் காலம் கணிப்பது எளிது. 2020-21-இலிருந்து பக்கவாட்டில் விளம்பர ஒட்டுகள் வந்தன. ஹெல்மெட் இல்லாமலும் ஒரு காலம் ஆடினார்கள். 1979 ஜூன் 1-க்குப் பிறகு ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான் அது கட்டாயம். கடைசியாக வெறுந்தலையோடு ஆடிய கிரெய்க் மக்டாவிஷ் 1997-இல் ஓய்வு பெற்றார். கோல்கீப்பர் முகமூடிகள் அழகின் உச்சம், விலையின் உச்சமும் அவைதான். தொடக்கத்தில் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: எங்கே, எவ்வளவுக்கு

சிறிய லீக்குகளில் தொடங்குங்கள். ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். அணிகள் சிறப்பு இரவுகளில் வித்தியாசமான ஜெர்சி போட்டு ஆடி, ஆட்டம் முடிந்ததும் அறப்பணிக்காக ஏலம் விடுவார்கள். வீரரே கழற்றிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் உண்டு. அந்தக் கணத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த சான்றிதழ் வேறு இல்லை. டொரன்டோவில் இருப்பவர்களுக்கு ஏ.எச்.எல். அணியான மார்லீஸ் பக்கத்திலேயே இருக்கிறது. பருவ முடிவில் பல அணிகள் உபகரண விற்பனை நடத்தும். காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள்.

என்.எச்.எல். அணிகளின் சொந்தக் கடைகளும் அறக்கட்டளை ஏலங்களும் அடுத்த படி. ஏல நிறுவனங்கள் அதற்கும் அடுத்தது. கிரெட்ஸ்கி எட்மண்டனுக்காகக் கடைசியாகப் போட்ட 1988 ஜெர்சி 2022-இல் சுமார் 14.5 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது அப்படியோர் ஏலத்தில்தான். ஏலத்தில் கேட்ட தொகையோடு வாங்குவோர் கட்டணம் என்று ஒரு சதவீதம் ஏறும், பல இடங்களில் 20 அளவில் இருக்கும். எல்லை தாண்டி வந்தால் வரி, அனுப்பும் செலவு, அமெரிக்க டாலர் மாற்று எல்லாம் சேரும். கைதூக்கும் முன் மொத்தத்தைக் கணக்குப் போடுங்கள்.

தனியாரிடம் வாங்கும்போது முதல் கேள்வி: 'உங்களுக்கு இது யாரிடமிருந்து வந்தது?' பதில் மழுப்பலாக வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். போலி ஜெர்சிகளில் தேய்மானத்தை உப்புத்தாளால் உண்டாக்குவார்கள். அது எல்லா இடத்திலும் ஒரே சீராக, மேலோட்டமாக இருக்கும். உண்மையான ஆட்டம் முழங்கையிலும் தோளிலும் இடுப்பிலும் கூடுதலாகவும், மார்பின் மேற்பகுதியில் குறைவாகவும் தேய்க்கும். கையெழுத்து இருக்கிறது என்பதற்காக ஆடியது என்று முடிவுகட்டாதீர்கள். கடையில் வாங்கிய ஜெர்சியிலும் வீரர் கையெழுத்துப் போடுவார்.

எட்டாம் படி: வீட்டில் வைத்துக் காப்பது

ஆட்ட ஜெர்சியைத் துவைக்காதீர்கள். அணி ஏற்கெனவே துவைத்துத்தான் தந்திருக்கும். மிஞ்சியிருக்கும் தடங்கள்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது. நாற்றம் இருந்தால் நிழலில் காற்றாட விடுங்கள். மெல்லிய கம்பி ஹேங்கர் தோளைக் குத்திக் கெடுக்கும். அகலமான, பஞ்சு வைத்த ஹேங்கர் வேண்டும். மடித்து வைப்பதென்றால் அமிலமில்லாத தாளை நடுவே வைத்து, மார்புச் சின்னம் மடியாதபடி மடியுங்கள். கனடிய வீடுகளின் நிலவறைதான் பலருக்குச் சேகரிப்பு அறை. கோடையில் அங்கே ஈரம் ஏறும், தோலில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று ஓடட்டும். சட்டமிட்டு மாட்டினால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள், துணியைச் சட்டத்தோடு பசையால் ஒட்டவிடாதீர்கள். விலை உயர்ந்தது ஏதேனும் சேர்ந்துவிட்டால் வீட்டுக் காப்பீட்டில் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் காப்பீடு இதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம்.

ஒன்பதாம் படி: வெட்டாதீர்கள், வெட்டக் கொடுக்காதீர்கள்

1996-97-இல் ஹாக்கி அட்டைகளில் ஆட்ட ஜெர்சியின் சிறு துண்டை வைத்து விற்கும் வழக்கம் வந்தது. இன்று ஒரு ஜெர்சி நூற்றுக்கணக்கான அட்டைகளாகப் பிரிகிறது. பிற்காலத்தில் அட்டை நிறுவனம் ஒன்று ஜார்ஜ் வெசினாவின் கால் கவசங்களை வாங்கி வெட்டியபோது பெரும் கூச்சல் எழுந்தது. வெசினா மாண்ட்ரியலின் கோல்கீப்பர், 1926-இல் காசநோயில் இறந்தவர். ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கு இன்றும் அவர் பெயரில்தான் கோப்பை தருகிறார்கள். அவர் கால்களில் கட்டி ஆடிய கவசம் இனி முழுதாக இல்லை. துண்டு அட்டைகளால் ஏழைப் பிள்ளைக்கும் ஒரு நூலிழை கிடைக்கிறது என்பார்கள். அந்த வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் துண்டான துணியில் தையலும் தழும்பும் எங்கே இருந்தன என்று யாரும் இனி பார்க்க முடியாது, படத்தோடு பொருத்தவும் முடியாது. பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் ஆடிய பக் ஒன்றை முழுதாக வாங்கிக் கொடுங்கள்.

பத்தாம் படி: பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள். வரிசை எண், தொகுப்பு எண். பொருத்திய படங்களும் அவை எடுத்த ஆட்டத்தின் தேதியும். கண்ணில் பட்ட ஒவ்வொரு தழும்பும் எந்த இடத்தில் என்ற குறிப்பு. பொருளையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். ரசீதையும் முதல் உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் இன்னொருவருக்கு இந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்றால், உண்மையிலேயே அரிதான பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதை யோசியுங்கள். டொரன்டோவில் யங் வீதியும் ஃப்ரண்ட் வீதியும் சந்திக்கும் இடத்தில், 1885-ஆம் ஆண்டு வங்கிக் கட்டடத்தில் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. அவர்களுடைய ஆவண மையம் எடோபிகோவில் தனியாக இயங்குகிறது. எதையும் வாங்குவதற்கு முன்பேகூட அங்கே ஒரு நாள் செலவிடுங்கள். ஐயமற்ற பொருட்களில் தேய்மானம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

விற்கும் நாள் வந்தால் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் படங்களையும் ரசீதையும் பொருளோடு சேர்த்தே கொடுங்கள். பெயர் மாற்றித் தைத்த தடம், மாற்றிய உள்ளங்கைத் தோல், நீங்கள் தேடியும் கிடைக்காத ஆதாரம், எல்லாவற்றையும் வாங்குபவரிடம் வாயால் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.